குழந்தை இல்லையா? ரெண்டு பேரும் சேர்ந்து போங்க

(நமது ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை. பேசியது பேசியபடியே, சில இடங்களில் மட்டும் சுருக்கித் தரப்படுகிறது.)



போன மாசம் தலைவி அம்மா என்னைக் கூப்பிட்டு, "சிஸ்டர், ஆண்டு விழாவுல ஆரோக்கியத்தைப் பத்தி நீங்க பேசணும்"னு சொன்னாங்க. ரத்தசோகை பேசியாச்சு. சர்க்கரை, பிரஷர் பேசியாச்சு. மார்பகப் புற்றுநோயும் போன வருஷமே பேசியாச்சு. "வேற எதைப் பத்திப் பேசட்டும்?"னு கேட்டேன். அவங்க கொஞ்சம் யோசிச்சுட்டு ஒரு விஷயம் சொன்னாங்க. மருத்துவச் செலவுன்னு வாங்கின உள்கடனைப் பார்த்தா, அதுல பல பேர் குழந்தைக்காக வைத்தியம் பார்க்க வாங்கியிருக்காங்களாம். கடன் வாங்கினது பொம்பளைங்க. வைத்தியம் செஞ்சுகிட்டது பொம்பளைங்க. தவணை கட்டுறதும் பொம்பளைங்க. "வீட்டுக்காரர் டெஸ்ட் எடுத்தாரான்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க சிஸ்டர்"னு சொன்னாங்க.

அதனால இன்னைக்கு ஆண்களுக்கு வர்ற குழந்தையின்மையைப் பத்திப் பேசப் போறேன். பின்னாடி சிலர் சேலைத் தலைப்பால வாயை மூடிச் சிரிக்கறது தெரியுது. சிரிங்க, பரவாயில்லை. ஆனா காதை மூடிக்காதீங்க.

நான் செஞ்ச தப்பு

முதல்ல ஒரு தப்பை ஒத்துக்கறேன். முப்பது வருஷத்துக்கு மேல வீடு வீடாப் போய் வேலை பார்த்தவ நான். எங்ககிட்ட தகுதியுள்ள தம்பதியர் பதிவேடுன்னு ஒண்ணு இருக்கும். கல்யாணமான ஒவ்வொரு ஜோடியையும் அதுல எழுதுவோம். எத்தனை குழந்தை, கடைசிக் குழந்தைக்கு என்ன வயசு, என்ன குடும்பக் கட்டுப்பாடு முறைன்னு எல்லாம் இருக்கும்.

அதுல ஒரு பொண்ணு. தறி ஓட்டுறவ. வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டியில வேலை. கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. நான்தான் அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஸ்கேன் எடுத்தா, கருக்குழாய் எக்ஸ்ரே எடுத்தா, ரெண்டு தடவை கர்ப்பப்பை சுத்தம் பண்ணினாங்க. எல்லாம் நல்லா இருக்குன்னு ரிப்போர்ட் வந்துச்சு. அப்புறம் தனியார்ல மாத்திரை, ஊசி. கோயில்ல மண்சோறு சாப்பிட்டா, தொட்டில் கட்டினா. குழுவுல மூணு தடவை கடன் வாங்கினா. அவ பொறந்த வீட்டு நகையும் போச்சு. ஊர்ல வளைகாப்பு நடந்தா அவளைக் கூப்பிட மாட்டாங்க.

ஏழாவது வருஷம் அவருக்கு ரெண்டாவது கல்யாணம் பண்ணி வெச்சாங்க. இவ தம்பி வீட்டுக்குப் போயிட்டா. வந்த ரெண்டாவது பொண்ணுக்கும் மூணு வருஷம் குழந்தை இல்லை. அந்தப் பொண்ணோட அண்ணன் கொஞ்சம் படிச்சவர். "மாப்பிள்ளை, நீங்களும் ஒரு டெஸ்ட் எடுங்க"ன்னு பிடிச்ச பிடியா நின்னார். எடுத்தாங்க. விந்துல ஒரு அணு கூட இல்லை. டாக்டர் பரிசோதிச்சப்போதான் தெரிஞ்சது, அவருக்குப் பிறந்ததுல இருந்தே ரெண்டு விதையும் கீழே இறங்கவே இல்லை. அவங்க அம்மாவுக்கு அது தெரியும். குழந்தை பிறக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு மட்டும் அந்தம்மாவுக்குத் தெரியாது.

ரெண்டு வீட்டுக்கும் சண்டை வந்ததுல விஷயம் ஊர் முழுக்கத் தெரிஞ்சு போச்சு. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுல அந்த முதல் பொண்ணைப் பார்த்தேன். அவ கோபப்படலை. "சிஸ்டர், அன்னைக்கே அவரையும் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கலாமே?"ன்னு மட்டும் கேட்டா. என்கிட்ட பதில் இல்லை. என் பதிவேட்டுல அவளைப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அவரைப் பத்தி எழுதினது அவர் பேரும் வயசும் மட்டும்தான்.

நம்ம பேச்சுல மலடின்னு ஒரு சொல் இருக்கு. நல்லது கெட்டதுக்கு எல்லாம் வாயில வந்துடும். ஆம்பளையைப் பார்த்து அந்த மாதிரி ஒரு சொல் சொல்லி நீங்க யாராவது கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை. சொல்லே புழங்காத இடத்துல யார் டெஸ்ட் எடுக்கச் சொல்வாங்க?

கணக்கு என்ன சொல்லுது

உலக சுகாதார நிறுவனம் 2023ல ஒரு அறிக்கை வெளியிட்டது. வாழ்நாள்ல ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருத்தர் குழந்தையின்மையைச் சந்திக்கறாங்கன்னு அதுல சொல்லியிருக்காங்க. ஆக இது ஏதோ ஒரு வீட்டுச் சாபம் இல்லை.

காரணத்தைப் பார்த்தா, ஏறக்குறைய பாதி ஜோடிகள்ல ஆண் பக்கம் காரணம் இருக்கு. சில ஜோடிகள்ல அது மட்டுமே காரணம், சில ஜோடிகள்ல பெண் பக்கமும் சேர்ந்து இருக்கும். கொஞ்சம் பேருக்கு எவ்வளவு பார்த்தாலும் காரணமே தெரியாது. பாதிப் பேருக்கு ஆண் பக்கம் காரணம் இருக்கும்போது பெண்ணை மட்டும் சோதிச்சா எப்படி? பாதிக் கணக்கை மட்டும் தணிக்கை செய்யற மாதிரிதான் அது. நம்ம குழுவுல அப்படிச் செய்ய விடுவோமா?

எப்ப டாக்டர்கிட்ட போகணும்? எந்தத் தடுப்பும் இல்லாம ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கரு நிக்கலைன்னா போகணும். பொண்ணுக்கு 35 வயசு தாண்டிடுச்சுன்னா ஆறு மாசத்துலயே போகணும்.

"சேர்ந்து வாழ்ந்தும்"னு சொன்னதைக் கவனிங்க. நம்ம பக்கத்துல ரிக் வண்டிக்குப் போறவங்க, வடக்கே லாரி ஓட்டப் போறவங்க, வெளிநாட்டுல இருக்கறவங்க எத்தனை பேர்! அவர் வருஷத்துல ரெண்டு தடவை வந்து பத்து நாள் இருந்துட்டுப் போவார். கல்யாணமாகி மூணு வருஷம் ஆச்சேன்னு மாமியார் கணக்குப் போடுவாங்க. உண்மையில சேர்ந்து இருந்தது மூணு மாசம் கூட இருக்காது. பெண்ணோட கருமுட்டை வெளியே வந்து ஒரு நாள்தான் உயிரோட இருக்கும். ஆணோட விந்தணு அஞ்சு நாள் வரைக்கும் தாங்கும். 28 நாளைக்கு ஒரு தடவை ஒழுங்கா மாதவிலக்கு வர்றவங்களுக்கு 10ஆம் நாள்ல இருந்து 16ஆம் நாள் வரைக்கும் வாய்ப்பு அதிகம். அவர் லீவுக்கு வர்ற தேதியையும் இந்த நாளையும் சேர்த்துப் பார்த்தாலே சிலருக்கு மருந்தே வேண்டியிருக்காது.

ஆண்மை வேற, விந்தணு வேற

இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். ஆண்கள் டெஸ்டுக்குப் போக ஏன் பயப்படறாங்க? "எனக்கு ஆண்மை இல்லைன்னு ஊர் சொல்லும்"னு பயப்படறாங்க. அது தப்பு. தாம்பத்தியத்துல எந்தக் குறையும் இல்லாத, நல்ல திடகாத்திரமான ஆளுக்கும் விந்துல அணுக்கள் குறைவா இருக்கலாம். ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். வெளியே பார்த்து அது தெரியாது, விந்தைக் கண்ணால பார்த்தாலும் தெரியாது. மைக்ராஸ்கோப்புல பார்த்தாத்தான் தெரியும். கண்ணு மங்கலா இருக்கறவரை "வீரம் இல்லாதவர்"னு நாம சொல்றோமா? அது மாதிரிதான் இதுவும்.

விந்தணு விதையில உற்பத்தி ஆகுது. ஒரு அணு உருவாகி முழுசா வளர ஏறக்குறைய 74 நாள் ஆகும். அது குழாய் வழியா வந்து சேர்ற நாளையும் சேர்த்தா மூணு மாசம்னு வெச்சுக்கலாம். அதனாலதான் எந்த மருந்து கொடுத்தாலும் மூணு மாசத்துக்கு அப்புறம்தான் பலன் தெரியும். இன்னைக்கு பீடியை விட்டா நாளைக்கே ரிப்போர்ட் மாறாது. போன மாசம் கடுமையான காய்ச்சல் வந்திருந்தா, இந்த மாச ரிப்போர்ட்டுல அணுக்கள் குறைஞ்சு தெரியலாம்.

இன்னொண்ணு, விதை உடம்புக்கு வெளியே தொங்கற மாதிரி இருக்கறதுக்கு ஒரு காரணம் இருக்கு. உடம்புச் சூட்டை விட ரெண்டு மூணு டிகிரி குறைவா இருந்தாத்தான் அங்கே அணுக்கள் நல்லா உற்பத்தி ஆகும்.

காரணங்கள்

ஒண்ணு, வெரிகோசீல். விதைக்கு மேல இருக்கற ரத்த நாளங்கள் புடைச்சுக்கறது. கால்ல நரம்பு சுருட்டிக்குதே, அது மாதிரி. பெரும்பாலும் இடது பக்கம் வரும். பொதுவா ஆண்கள்ல நூத்துக்கு 15 பேருக்கு இது இருக்கும். குழந்தை இல்லைன்னு வர்ற ஆண்கள்ல நூத்துக்கு 35, 40 பேருக்கு இருக்கும். இருக்கற எல்லாருக்கும் குழந்தை பிறக்காதுன்னு இல்லை. ஆனா கையில தடவினாலே தெரியற அளவுக்கு இருந்து, அணுவும் குறைவா இருந்தா, ஆபரேஷன் செஞ்சு சரி பண்ணலாம்.

ரெண்டு, இறங்காத விதை. முன்னாடி சொன்னேனே, அது.

மூணு, அடைப்பு. அணு உற்பத்தி ஆகும், வெளியே வர வழி இருக்காது. பால்வினை நோய், காசநோய், பழைய ஆபரேஷன் இதனால எல்லாம் குழாய் அடைச்சுக்கலாம். சிலருக்குப் பிறவியிலயே அந்தக் குழாய் இருக்காது.

நாலு, பொன்னுக்கு வீங்கி. சின்ன வயசுல வந்தா பெரும்பாலும் பிரச்சினை இல்லை. வயசுக்கு வந்த பிறகு வந்து, விதையும் வீங்கினா உற்பத்தி பாதிக்கலாம்.

அஞ்சு, ஹார்மோன் குறைபாடு, பிறவியில வர்ற மரபணுக் கோளாறு. இதுல ஆணோட தப்பு எதுவுமே கிடையாது.

ஆறு, பழக்கம். பீடி, சிகரெட், புகையிலைப் பாக்கு, அளவுக்கு மீறின குடி, அதிக உடல் எடை. சர்க்கரையைக் கட்டுப்பாட்டுல வைக்கலைன்னா விந்து வெளியே வராம மூத்திரப்பைக்குள்ள திரும்பிப் போறதும் உண்டு. இப்ப இளவட்டப் பசங்க ஜிம்முல உடம்பு ஏத்த ஊசி போட்டுக்கறாங்க. அந்த ஹார்மோன் ஊசி அணு உற்பத்தியையே நிறுத்திடும். உடம்பு பெருசாகும், விதை சுருங்கும். உங்க பையன், தம்பி யாராவது போட்டா கண்டிச்சு வைங்க.

ஏழு, வேலை செய்யற இடம். சூளை, பாய்லர், உலை மாதிரி சூட்டுலயே நின்னு வேலை செய்யறது, பூச்சி மருந்து, ஈயம் இதெல்லாம். 1977ல அமெரிக்காவுல கலிபோர்னியாவில், நூற்புழுவைக் கொல்ற டி.பி.சி.பி. என்ற மருந்து தயாரிக்கற ஒரு தொழிற்சாலையில இருந்த தொழிலாளிங்க தங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்க. "உனக்கும் குழந்தை இல்லையா? எனக்கும் இல்லையே"ன்னு. அப்புறம்தான் பரிசோதனை செஞ்சாங்க. பல பேருக்கு அணு ரொம்பக் குறைவு, சிலருக்கு இல்லவே இல்லை. ரெண்டு வருஷத்துல அந்த மருந்தைப் பெரும்பாலான பயிர்களுக்கு அங்கே தடை செஞ்சாங்க. ஆம்பளைங்க ஒருத்தருக்கொருத்தர் மனசு விட்டுப் பேசினதாலதான் அது வெளியே வந்தது. நம்ம வீட்டு ஆண்கள் மருந்து அடிக்கும்போது கையுறை, முகக்கவசம் போடச் சொல்லுங்க. வந்த உடனே குளிக்கச் சொல்லுங்க. அந்தத் துணியைத் தனியா துவைங்க.

டெஸ்ட் எப்படி எடுக்கறாங்க

பெண்ணுக்குச் செய்யற டெஸ்டுல குழாய்க்குள்ள மருந்து ஏத்தணும், வலிக்கும். சில சமயம் மயக்க மருந்து கொடுத்து வயித்துல ஓட்டை போட்டுப் பார்க்கணும். ஆணுக்கு முதல்ல செய்யறது விந்துப் பரிசோதனை. ஊசி இல்லை, வலி இல்லை. வெளியே எடுத்தா சில நூறு ரூபாய். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்லயும் செய்யறாங்க. செலவும் வலியும் குறைஞ்சதைத்தானே முதல்ல செய்யணும்? நாம தலைகீழா செஞ்சுகிட்டு இருக்கோம்.

டெஸ்டுக்கு முன்னாடி 2 நாள்ல இருந்து 7 நாள் வரைக்கும் சேரக் கூடாது. லேப்ல ஒரு தனி அறையும் டப்பாவும் கொடுப்பாங்க. கைப்பழக்கத்துல எடுத்து அந்த டப்பாவில கொடுக்கணும். வீட்டுல எடுத்தா ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டு போய்ச் சேர்க்கணும். டப்பாவை சட்டைப் பைக்குள்ள, உடம்புச் சூடு படற மாதிரி வெச்சுக்கிட்டுப் போகணும். ஃப்ரிட்ஜ், ஐஸ் கூடாது. சாதாரண நிரோத்துல எடுத்துட்டு வரக் கூடாது, அதுல இருக்கற பசை அணுக்களைக் கெடுத்துடும். முதல்ல வர்ற துளி சிந்திட்டா அதை லேப்ல மறைக்காம சொல்லணும்.

ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களே பயந்துடாதீங்க. உலக சுகாதார நிறுவனம் 2021ல வெளியிட்ட அளவு இது. விந்து 1.4 மில்லி, ஒரு மில்லியில 1 கோடியே 60 லட்சம் அணு, அசையற அணு நூத்துக்கு 42, நல்ல வடிவத்துல இருக்கற அணு நூத்துக்கு 4. இதெல்லாம் கீழ்மட்ட அளவு. நூத்துக்கு நாலுதான் நல்லா இருக்குன்னு எழுதியிருந்தா 'போச்சு'ன்னு உட்கார்ந்துடறாங்க. நாலு இருந்தாலே போதும், அது குறையே இல்லை. இந்த அளவுக்குக் கொஞ்சம் கீழே இருந்தாலும் குழந்தை பிறந்தவங்க இருக்காங்க. குறைஞ்சிருந்தா சில வாரம் விட்டு இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துட்டுத்தான் முடிவு சொல்வாங்க. ஒரு ரிப்போர்ட்டை வெச்சு யாரையும் முத்திரை குத்தக் கூடாது.

வைத்தியம்

பழக்கத்தால வந்திருந்தா, அதை விட்டு மூணு மாசத்துல இருந்து ஆறு மாசம் பொறுக்கணும். நோய்த்தொற்று இருந்தா மாத்திரை. அதை ரெண்டு பேரும் சாப்பிடணும். வெரிகோசீலுக்கும் சில அடைப்புக்கும் ஆபரேஷன். மூளைக்குக் கீழே இருக்கற சுரப்பியில குறைன்னா ஊசி இருக்கு. அதை மாசக்கணக்கா பொறுமையா போட்டுக்கணும், ஆனா நல்ல பலன் உண்டு.

அணு கொஞ்சம் குறைவா இருந்தா, விந்தைச் சுத்தம் செஞ்சு நேரா கர்ப்பப்பையில செலுத்தற ஐ.யு.ஐ. முறை இருக்கு. பெண்ணுக்குக் கருக்குழாய் திறந்திருந்தாத்தான் இது உதவும். ரொம்பக் குறைவா இருந்தா இக்சி. ஒரே ஒரு அணுவை எடுத்து, ஒரு முட்டைக்குள்ள ஊசியால செலுத்தி, கரு உருவான பிறகு கர்ப்பப்பையில வைக்கறது. இந்த முறையில முதல் குழந்தை 1992ல பெல்ஜியத்துல பிறந்தது. விந்துல ஒரு அணு கூட இல்லாதவருக்கும், விதைக்குள்ள இருந்தே அணுவைத் தேடி எடுத்து இக்சி செய்ய முடியும். அடைப்பு இருக்கறவங்களுக்கு அநேகமா கிடைச்சுடும். உற்பத்தியே குறைஞ்சவங்களுக்குச் சிலருக்குக் கிடைக்கும், சிலருக்குக் கிடைக்காது.

இங்கே ஒண்ணைச் சொல்லணும். குறை ஆண் பக்கம் இருந்தாலும் இக்சியில தினம் ஊசி போட்டுக்கறது பொண்ணுதான், மயக்கம் கொடுத்து முட்டை எடுக்கறதும் பொண்ணுகிட்டதான். தனியார்ல லட்சக்கணக்குல செலவு ஆகும். ஒரு தடவையிலயே நிக்கும்னு உத்தரவாதம் யாராலயும் தர முடியாது. நூத்துக்கு நூறுன்னு ஒருத்தர் சொன்னா அங்கே இருந்து எழுந்து வந்துடுங்க. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில அரசே நடத்தற கருத்தரிப்பு மையமும் இருக்கு. அதையும் விசாரிங்க.

2021ல இதுக்குன்னு தனிச் சட்டம் வந்திருக்கு. அதன்படி பதிவு செஞ்ச மையத்துலதான் இந்தச் சிகிச்சை செய்யலாம். உங்க எழுத்துச் சம்மதம் இல்லாம எதுவும் செய்யக் கூடாது. எழுதின தாளைப் படிச்சுப் பார்க்காம, புரியாம கையெழுத்துப் போடாதீங்க. குழுத் தீர்மானப் புத்தகத்துல வாசிக்காம கையெழுத்துப் போடாதேன்னு சொல்லிச் சொல்லிப் பழக்கினோமே, அதே பழக்கம்தான். வேற ஒருத்தரோட விந்தணுவைப் பயன்படுத்தணும்னா கணவன் மனைவி ரெண்டு பேருக்கும் தெரிஞ்சு, ரெண்டு பேரும் சம்மதிச்சுத்தான் செய்யணும். அப்படிப் பிறக்கற குழந்தை சட்டப்படி அந்தத் தம்பதியோட சொந்தக் குழந்தை, சொத்துரிமை உட்பட. ஆணா பெண்ணான்னு தேர்ந்தெடுக்கறது குற்றம்.

அப்புறம் அந்த லாட்ஜ் வைத்தியர்கள். மாசத்துல ஒரு நாள் லாட்ஜுல ரூம் போட்டு, 'ஆண்மைக் குறைவா, குழந்தை இல்லையா'ன்னு நோட்டீஸ் ஒட்டுறாங்களே. டெஸ்டே எடுக்காம பொட்டலம் கொடுத்து ஆயிரக்கணக்குல வாங்கறாங்க. வெட்கத்துக்காக நம்ம வீட்டு ஆண்கள் கொடுக்கற வட்டி அது. சித்த வைத்தியம் பார்க்கணும்னா அரசு ஆஸ்பத்திரியிலயே படிச்ச சித்த மருத்துவர் இருக்கார், அவர்கிட்ட போகட்டும்.

பையன் பெத்த அம்மாக்களுக்கு

பையன் பிறந்தா ரெண்டு விதையும் பைக்குள்ள இருக்கான்னு தொட்டுப் பாருங்க. ஆறு மாசத்துலயும் இறங்கலைன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க. ஒரு வயசு, ஒன்றரை வயசுக்குள்ள ஆபரேஷன் செஞ்சுட்டா நல்லது. 'வளர்ந்தா சரியாயிடும்'னு விடாதீங்க.

வளர்ந்த பையன் திடீர்னு அடிவயிறு வலிக்குது, விதை வலிக்குதுன்னு துடிச்சா, வாந்தி எடுத்தா, அது விதை முறுக்கிக்கறதா இருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் செஞ்சாத்தான் அந்த விதையைக் காப்பாத்த முடியும். காலையில பார்த்துக்கலாம்னு இருக்கக் கூடாது. வெட்கப்பட்டு வெறும் வயித்து வலின்னுதான் சொல்வான், நீங்கதான் கேட்கணும்.

வீட்டுல எப்படிச் சொல்றது

"குறை உங்ககிட்டதான், போய்ப் பாருங்க"ன்னு ஆரம்பிச்சா அவர் போக மாட்டார். "ரெண்டு பேரும் ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாம், டாக்டர் ரெண்டு பேரையும்தான் கூப்பிட்டாங்க"ன்னு சொல்லுங்க. மாமியார் எதிர்ல வேண்டாம், குடிச்சிருக்கும்போது வேண்டாம். கேட்காட்டி, அவர் மதிக்கற ஒரு ஆம்பளையை விட்டுச் சொல்லச் சொல்லுங்க. மச்சானோ சித்தப்பாவோ கூட வேலை பார்க்கறவரோ யாரா இருந்தாலும் சரி.

குறை அவர்கிட்டன்னு தெரிஞ்சா, அதை வெச்சு அவரைக் குத்திக் காட்டாதீங்க. இத்தனை வருஷம் நாம பட்ட பேச்சு அவருக்குத் திரும்பிப் போகட்டும்னு மனசுல வரும். எனக்கும் புரியுது. ஆனா பழி இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாறினா வீட்டுக்கு என்ன லாபம்? டெஸ்ட் ரிசல்ட் வந்த அன்னைக்கு இருந்து குடியில விழுந்த ஆண்களையும், யாரோடயும் பேசாம போன ஆண்களையும் நான் பார்த்திருக்கேன்.

சீட்டுல வந்த கேள்விகள்

'கருத்தடை செஞ்சுகிட்ட ஆணுக்கு ஆண்மை போயிடுமா?' போகாது. குழாயை மட்டும்தான் கட்டுறாங்க. ஹார்மோன், ஆசை, தாம்பத்தியம் எல்லாம் முன்னாடி மாதிரியே இருக்கும்.

'முதல் குழந்தை இருக்கு, ரெண்டாவது நிக்கலை. அப்பவும் அவருக்கு டெஸ்ட் வேணுமா?' வேணும். நடுவுல சர்க்கரை, வெரிகோசீல், தொற்று ஏதாவது வந்திருக்கலாம்.

'புற்றுநோய்க்கு மருந்து ஏத்தப் போறாங்க, அப்புறம் குழந்தை பிறக்குமா?' சில மருந்து அணு உற்பத்தியை நிறுத்திடும். அதனால சிகிச்சை தொடங்கறதுக்கு முன்னாடியே விந்தை உறைய வெச்சுப் பாதுகாக்கலாம். டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேளுங்க.

'எந்த வைத்தியமும் பலிக்கலைன்னா?' தத்து எடுக்கலாம். மத்திய தத்தெடுப்பு ஆணையத்துல பதிவு செஞ்சு, சட்டப்படி எடுக்கணும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல வழி சொல்வாங்க. புரோக்கர்கிட்ட காசு கொடுத்துக் குழந்தை வாங்கினா அது குற்றம், ஜெயில். இல்லை, குழந்தை வேண்டாம், நாங்க ரெண்டு பேரும் இப்படியே இருக்கோம்னு முடிவு செஞ்சா அதுவும் குடும்பம்தான்.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள்

குழந்தைக்காக வைத்தியக் கடன் கேட்டு ஒரு உறுப்பினர் வந்தா, ஊக்குநர் ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "ரெண்டு பேரும் பார்த்தீங்களா?" அவ்வளவுதான். ரிப்போர்ட்டைக் கூட்டத்துல காட்டச் சொல்லாதீங்க. யாருக்குக் குறைன்னு கேட்காதீங்க. அது அவங்க வீட்டு விஷயம், தீர்மானப் புத்தகத்துல ஏறக் கூடாது. பார்க்கலைன்னு சொன்னா கடனை மறுக்கவும் வேண்டாம். "முதல்ல அந்தச் சின்ன டெஸ்டை எடுத்துட்டு வாங்க தங்கச்சி, அப்புறம் எவ்வளவு வேணும்னு பேசலாம்"னு தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க. ஒரு நாள் கூலி செலவுல முடியற விஷயத்தைப் பார்க்காம நாலு வருஷத் தவணையில மாட்டிக்க வேண்டாம்.

இன்னொண்ணு. உங்க வீட்டு வளைகாப்புக்குக் குழந்தை இல்லாத நம்ம உறுப்பினரையும் கூப்பிடுங்க. கூப்பிட்டு, முதல் வளையலை அவ கையால போடச் சொல்லுங்க.

பஸ் ஸ்டாண்டுல என்கிட்ட அந்தக் கேள்வியைக் கேட்ட பொண்ணு இப்ப வேற ஊர்ல ஒரு குழுவுக்கு ஊக்குநர். மறு கல்யாணம் செஞ்சுக்கலை. வாங்கின மூணு கடனையும் பைசா பாக்கியில்லாம கட்டி முடிச்சுட்டா. இன்னைக்கு நான் இங்கே பேசினது அவளுக்கு அன்னைக்கே சொல்லியிருக்க வேண்டிய பதில். அவளுக்குச் சொல்லத் தவறினதை உங்ககிட்ட சொல்லியிருக்கேன். நீங்க உங்க மருமகள்கிட்ட, மகன்கிட்ட, பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட சொல்லுங்க.